குதிரை ஏறும் அம்மா

சின்னவனுக்கு அப்போது பதினான்கு மாதம். இரண்டு கையையும் உயர்த்தி "தூக்கு, தூக்கு" என்று என் முன்னால் வந்து நிற்பான். என்னால் தூக்க முடியாது. காலர் போன் உடைந்து வலது கை ஸ்லிங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வாரம் குழந்தையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவனுக்கு அதெல்லாம் புரியுமா? கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அப்பாவிடம் போவான். மூன்றாவது வாரம் என்னிடம் வருவதையே நிறுத்திவிட்டான்.

கார் விபத்து இல்லை. இரண்டடி உயரக் கட்டையைத் தாண்ட வேண்டிய இடத்தில் குதிரை நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

திருச்சிப் பெண்ணுக்குக் குதிரை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சின்ன வயதில் எனக்குத் தெரிந்த குதிரைகள் இரண்டே. ஒன்று, அய்யனார் கோயில் மண்குதிரை. இன்னொன்று, அம்மாச்சி சொல்லும் தேசிங்கு ராஜன் கதையில் வரும் பாராசாரி. பிறகு மாஸ்டர்ஸ் படிக்க டெக்சாஸ் ஏ அண்ட் எம் வந்தேன். அங்கே 1973லிருந்து மாணவர்களின் குதிரைப்படை ஒன்று உண்டு. ஃபுட்பால் மேட்ச் அன்றைக்கு அவர்கள் அணிவகுத்துப் போவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். வேலை கிடைத்து நியூ ஜெர்சி வந்த பிறகுதான் ஏறிப் பார்க்கத் துணிந்தேன். இந்த மாநிலத்தின் விலங்கே குதிரைதான், 1977லிருந்து. எடிசனில் இட்லி மாவு வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் காரோட்டினால் லாயம் வந்துவிடும்.

விழுந்த செய்தி ஊருக்குப் போனதும் அம்மா வீடியோ காலில் கேட்டது ஒரே கேள்வி. "ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா புள்ளைங்கள யாருடி பாப்பா?"

கோபம் வந்தது. இவர் ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு கிரிக்கெட் கிட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் வதங்கி வருவார். அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒருமுறை விரல் உடைந்து வந்தபோது அதே அம்மா, "பாவம், மாப்பிள்ளைக்கு ரசம் வச்சுக் குடு" என்றார். ஆனால் கோபம் தணிந்த பிறகு யோசித்தால், அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்துத் தெருவில் அத்தை இல்லை, மாடியில் பாட்டி இல்லை. இரண்டு பேர் சம்பளம், இரண்டு பேர் கை, அவ்வளவுதான்.

எட்டு மாதம் லாயத்துப் பக்கமே போகவில்லை. நல்ல அம்மாவாக இருந்தேன் என்று சொல்ல ஆசை. நிஜத்தில் சிடுசிடுப்பாக இருந்தேன். ஒருநாள் இவரே, "நீ போயிட்டு வா, எங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி" என்றார். பாதி கிண்டல், பாதி உண்மை.

போவதற்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேசினோம். முதலில் உயில். குழந்தைகளுக்குக் காப்பாளர் யார் என்று எழுதினோம். டல்லாஸில் இருக்கும் நாத்தனாரிடம் அதைக் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஆபீஸில் ஓப்பன் என்ரோல்மென்ட் வந்தபோது, வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் ஒரு பகுதி வரும் காப்பீட்டை ஏற்றிக்கொண்டேன். தாண்டும் பயிற்சி கிடையாது. புதுக்குதிரை, முரட்டுக்குதிரை கிடையாது. ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் குப்பைக்கு, எவ்வளவு விலையானாலும்.

அதனால் டிரெஸ்ஸாஜுக்கு மாறினேன். அது மட்டும் ஆபத்தில்லாதது என்று நினைக்காதீர்கள். 2010 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் கோர்ட்னி கிங்-டை விழுந்தார். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடியவர். எதையும் தாண்டவில்லை, குதிரை தன் காலே தடுக்கி விழுந்தது. ஹெல்மெட் இல்லை. வாரக்கணக்கில் கோமா. அதன் பிறகுதான் அமெரிக்க டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் ஹெல்மெட் விதி இறுகியது. இதை இவரிடம் மறைக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் போனேன்.

டிரெஸ்ஸாஜ் என்றால் செவ்வக மைதானத்தில் குதிரையை வைத்து அடவு பிடிப்பது மாதிரி. சின்ன மைதானம் நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம். ஓரத்தில் ஏ, கே, ஈ, ஹெச், சி என்று எழுத்துகள். இந்த எழுத்தில் நுழை, அந்த எழுத்தில் வட்டம் போடு, நடுவில் நின்று வணக்கம் வை. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று நடுவர் மார்க் போடுவார். இருபத்திரண்டு வயதைத் தொட்டு, காசு வாங்கிக் குதிரை ஏறாதவர்களுக்கு 'அடல்ட் அமெச்சூர்' என்று தனிப்பிரிவே இருக்கிறது. தேசிங்கு ராஜன் 1714ல் போரில் இறந்தபோது வயது இருபத்திரண்டு என்பார்கள். நமக்கு அந்த வயதில்தான் ஆட்டமே ஆரம்பம்!

புதன்கிழமை இரவு எட்டரைக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, விளக்குப் போட்ட உள்ளரங்கில் பாடம். சனிக்கிழமை விடிகாலை எனக்கு, ஞாயிறு கிரிக்கெட் இவருக்கு. குதிரை சொந்தமில்லை, பாதி லீஸ். பதினாறு வயதுக் கிழவர். மூத்தவள் அவருக்குப் பாராசாரி என்று பெயர் வைத்திருக்கிறாள்.

கீழ்நிலைப் போட்டிகளில் ஒரு சலுகை உண்டு. ஓரத்தில் ஒருவர் நின்று அடுத்தடுத்த அசைவைப் படித்துச் சொல்லலாம். இது தெரிந்ததும் மூத்தவள் பிடித்துக்கொண்டாள். ஹால் கார்ப்பெட்டைச் சுற்றிக் காகிதத்தில் எழுத்துகளை ஒட்டினாள். அவள் படிக்க, சின்னவன் குதிரையாகக் குதிக்க, வட்டம் கோணினால் நான் மார்க் குறைக்க, ஒரு குளிர்காலம் முழுக்க இதுதான் விளையாட்டு. இவர்கூட ஒருநாள் முழங்காலில் வட்டம் போட்டார். நான்கு மார்க்.

போன மே மாதம், அலென்டவுனில் இருக்கும் ஹார்ஸ் பார்க் ஆஃப் நியூ ஜெர்சியில் போட்டி. என் நேரம் ஞாயிறு 10:42. இவர் மேட்ச்சை விட்டுவிட்டு வந்தார். அதைச் சொல்லிக் காட்டவும் செய்தார். முதல் பாதி நன்றாகப் போனது. அப்புறம் காற்றில் தாள் புரண்டு, மூத்தவள் ஒரு வரி தாண்டிப் படித்துவிட்டாள். நானும் யோசிக்காமல் திரும்பிவிட்டேன். மணி அடித்தது. தவறுக்கு இரண்டு புள்ளி போயிற்று. மொத்தம் அறுபது சதவீதத்துக்குச் சற்றுக் கீழே.

அந்த ஒரு நொடி எனக்கு அவள் மேல் எரிச்சல் வந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை மேல், ஒரு ரிப்பனுக்காக. இறங்கி வந்தபோது தாளைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மனப்பாடம் செய்திருக்க வேண்டியவள் நான்தான் என்றேன். நம்பவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லிஸ் ஹார்டெல் கதையைச் சொன்னேன். டென்மார்க்காரர். 1944ல் இரண்டாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போது போலியோ வந்து, முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்துவிட்டன. டிரெஸ்ஸாஜில் பெண்களை முதன்முதலாக அனுமதித்த 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். "குதிரை மேல எப்படி ஏறினாங்க?" என்றாள். வேறு ஆள் தூக்கி ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த தடவ தாள லேமினேட் பண்ணிக் குடு" என்றாள்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் சின்னவன் விழித்துக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்தினான். சேறு பூட்ஸோடே தூக்கினேன். நாலு வயசு ஆகப்போகிறது, நல்ல கனம்.