கறுப்புக் காரும் சிலந்தி வலையும்

கறுப்பு நிறத்தில் கார் வாங்குகிறவர்களிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு. அவர்கள் தைரியசாலிகள். அதிலும் எங்கள் அரியலூர் ஜில்லாவில் ஒருவர் கறுப்புக் கார் வாங்கினால், அவருக்கு மாலை போட்டு மரியாதை செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இங்கே பூமியைத் தோண்டினால் சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லை அரைக்கச் சிமென்ட் ஆலைகள். ஆலைகளுக்குக் கல் சுமக்க லாரிகள். கோடையில் தெருப் புழுதியும் லாரித் தூசியும் சேர்ந்து பறக்கும்போது, காலையில் கறுப்பாகப் புறப்பட்ட கார் மத்தியானத்துக்குள் விபூதி பூசிக்கொண்டு நிற்கும்.

அப்படிப்பட்ட தைரியசாலி ஒருவர் என் மனைவிக்குத் தம்பியாக வாய்த்திருக்கிறார். கங்கைகொண்ட சோழபுரத்தில் வாடகைக்குக் கார் விடுகிறவர். ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலைப் பார்க்க வருகிறவர்களுக்கும், முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்புக்கும் அந்தக் கறுப்புக் கார்தான் போகும். அதைத் தினமும் காலையில் துடைத்து வைக்க ஓர் இளைஞன். இருபது வயது. தகப்பன் இல்லை, தங்கையை நர்ஸு படிப்புக்கு அனுப்பியிருக்கிறான்.

சென்ற தை மாதம் ஒரு கல்யாண வீட்டார் காரைப் பார்க்க வந்தார்கள். வெயிலில் நின்ற வண்டியைச் சுற்றி வந்த பெண்ணின் தகப்பனார், "என்ன ஸார், பழைய வண்டியா?" என்று கேட்டுவிட்டு, வேறிடத்தில் கார் பேசிக்கொண்டார். வண்டிக்கு வயது இரண்டுதான். ஆனால் பானெட்டின் மேல் சூரியன் பளபளத்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள்!

மைத்துனருக்கு ரத்தம் கொதித்தது. "பாருங்கள் அத்தான், இந்தப் பயல் வட்டம் வட்டமாகத் தேய்த்தே வண்டியைப் பாழாக்கிவிட்டான். சாட்சி வேறு வேண்டுமா? இந்த மாதச் சம்பளம் கிடையாது, நாளையிலிருந்து வேலையும் கிடையாது" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் மெஷின்களோடு முப்பது வருஷம் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அந்த 'சாட்சி'யை நான் நம்பவில்லை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லி, வீட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டைக் கொண்டு வரச் சொன்னேன். நேயர்களே, நீங்களும் உங்கள் சமையலறையில் இதைச் செய்து பார்க்கலாம். நன்றாகத் தேய்த்துப் புழங்கிய தட்டை விளக்குக்கு நேரே பிடியுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். தட்டை அசைக்காமல் உங்கள் தலையை மட்டும் நகர்த்துங்கள். வட்டமும் கூடவே நகரும்! தட்டில் கீறிய கோடு நகருமா? நகராது. உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மினுக்குகின்றன, மற்றவை ஒளிந்துகொள்கின்றன. மினுக்குபவை சேர்ந்து வட்டம் போல் நம் கண்ணை ஏமாற்றுகின்றன.

அன்று இரவு டார்ச் விளக்கைக் கார்மேல் அடித்துக் காட்டினேன். விளக்கு போன இடமெல்லாம் வட்டமும் போயிற்று. பையன் கை வட்டமாகச் சுற்றியதற்கு அது சாட்சியே அல்ல.

"அப்படியானால் கீறியது யார்?" என்றார் மைத்துனர்.

"தூசி" என்றேன். சுண்ணாம்புக் கல்லின் கடினம் மோஸ் அளவுகோலில் 3. தெருப் புழுதியில் கலந்த மணலின் கடினம் 7. பேனாக்கத்தி கூட மணலைக் கீற முடியாது. அந்தத் தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குத் தம்பி முறை. பையனிடம் ஒரு பழைய வேட்டித் துணியைக் கொடுத்து, "தண்ணீரைக் கொட்டாதே, தூசியை மட்டும் தட்டித் துடை" என்று உத்தரவு போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. மைத்துனரே தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

இனி வைத்தியம். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் கார்களில், பழைய வண்டிகளைப் பாலீஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறமே ஒட்டும். இந்தக் காலத்துக் கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்று கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. கனம் சுமார் 40, 50 மைக்ரான். அதாவது ஒரு தலைமயிரை விட மெல்லியது. சிலந்தி வலை இந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அதைப் போக்குவது என்றால் கீறலை நிரப்புவது அல்ல. கீறலின் ஆழத்துக்குச் சுற்றிலும் உள்ள பூச்சைச் சமன் செய்வது. வெறும் மெழுகு கீறலை மூடி மறைக்கும். நாலு முறை கழுவினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வேப்ப மர நிழலில், வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகு, நானும் பையனும் ஆரம்பித்தோம். முதலில் தண்ணீரை ஊற்றியே புழுதியைக் கழுவினோம். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் துணியை அலசச் சுத்தத் தண்ணீர். மேலிருந்து கீழாகக் கழுவி, ஒற்றி எடுத்து, ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டினோம். நகத்தால் வருடினால் தட்டுப்படுகிற ஆழமான கீறல்களைத் தொடவே இல்லை. அவற்றைத் தேய்த்துப் போக்க நினைத்தால் பூச்சே போய்விடும்.

முதலில் ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டும் பரீட்சை. பஞ்சு போன்ற ஃபோம் துண்டில் நைஸான பாலீஷைப் பட்டாணி அளவு நாலு சொட்டு வைத்து, நீளவாட்டில் ஒரு முறையும் குறுக்குவாட்டில் ஒரு முறையும் நிதானமாகத் தேய்த்தோம். மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து எண்ணெய்ப் பசையை எடுத்தோம். அப்போதுதான் கீறல் போயிற்றா, மறைந்து நிற்கிறதா என்பது தெரியும். டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். கோயிலில் தேய்ந்துபோன கல்வெட்டைக் கூட இப்படிச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் படிக்கிறார்கள். எழுத்து தெரிந்தால் அவர்களுக்குச் சந்தோஷம்; கோடு தெரியாததில் எங்களுக்குச் சந்தோஷம்.

பானெட்டும் இரண்டு கதவுகளும் முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. மைத்துனர் வந்து பார்த்தார். பானெட்டில் வேப்ப மரம் இலை இலையாகத் தெரிந்தது. "மாதம் ஒரு தடவை இப்படிச் செய்துவிடலாமே!" என்றார் உற்சாகமாக.

"கூடவே கூடாது" என்றேன். ஒவ்வொரு பாலீஷுக்கும் ஓரிரண்டு மைக்ரான் போய்விடுகிறது. போனது திரும்பாது. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காக எங்கள் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணை நிற்கிறது, மதில் போனது போனதுதான். ஆகையால் பாலீஷைக் கற்றுக்கொள்வதை விட, அது தேவைப்படாமல் துடைக்கக் கற்றுக்கொள்வதே சாமர்த்தியம்.

மைத்துனர் பையனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. முதலாளிகளுக்கு அந்த வார்த்தை எளிதில் வருவதில்லை. ஆனால் மறுநாள் இரண்டு வாளி, ஷாம்பு, அரை டஜன் மைக்ரோஃபைபர் துணி எல்லாம் வந்து சேர்ந்தன. மாதக் கடைசியில் சம்பளமும் முழுசாக வந்தது. தங்கைக்குக் கட்ட வேண்டிய பணம் கட்டியாயிற்று என்று பையன் என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது அவன் பெரிய நிபுணன். கோயில் வாசலில், புழுதி படிந்த கார்களின்மேல் விரலால் பெயர் எழுதும் குழந்தைகளைக் கண்டால், "தம்பி, எழுதாதே! மணல் கீறிவிடும். தண்ணீர் தருகிறேன், கழுவிவிட்டு முகம் பார்" என்கிறான்.