பக்கத்தில் நிற்பவன்

வெளிநாட்டுக்குப் போய்த் தன் திறமையை நிலைநாட்ட நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். போன இடத்தில் உங்களை அளப்பவர்கள் முதலில் பார்ப்பது, நீங்கள் எவ்வளவு செய்தீர்கள் என்பதை. சில காலம் கழித்துப் பார்ப்பது, உங்கள் அருகில் நின்றவன் உங்களால் எவ்வளவு உயர்ந்தான் என்பதை. இதை நான் ஜேர்மனியில், நம்மவர் அதிகம் எட்டிப்பார்க்காத ஒரு மைதானத்தின் ஓரத்தில் பல கோடைகள் நின்று கற்றுக்கொண்டேன்.

என் இளைய மகன் பதின்மூன்று வயதில், உதைபந்தாட்டத்தை விட்டுவிட்டு, அமெரிக்கன் ஃபுட்போல் பழகப் போகிறேன் என்று வந்து நின்றான். தலைக்கவசம், தோள் காப்பு, முட்டை வடிவப் பந்து, நூறு யார் நீளக் களம், பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து யார் முன்னேறினால் பந்து நம்மிடம் தங்கும். முடியாவிட்டால் எதிரணிக்குப் போகும். ஆட்டத்தின் உயிர்நாடி அவ்வளவுதான். மீதியெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கை.

இந்த ஆட்டத்தை ஜேர்மனிக்குக் கொண்டுவந்தவர்கள் அங்கு நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படையினர். 1977இல் பிராங்க்ஃபர்ட்டில் நாட்டின் முதல் கழகம் பிறந்தது. 1979இல் லீக் தொடங்கியது. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் அந்தப் பிராங்க்ஃபர்ட் கழகமே அன்ஸ்பாக் அணியை 14-8 என வென்றது. பெரும் பணமோ தொலைக்காட்சியோ பின்னால் இல்லாமல், வேலை முடிந்து மாலையில் கூடிய மனிதர்களால் வளர்ந்த லீக் அது.

இப்போது அந்தக் கழகங்களுக்கு ஆட வரும் அமெரிக்க இளைஞர்களைப் பற்றிச் சொல்கிறேன். பல்கலைக்கழக அணியில் ஆடி முடித்தவர்கள். அவர்கள் நாட்டின் தொழில்முறை லீகான என்எஃப்எல், ஆண்டுக்குச் சுமார் 250 பேரைத்தான் தேர்வு முறையில் எடுக்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இருபத்திரண்டு வயதில் கதவு மூடிவிடும். அப்போது ஐரோப்பாவிலிருந்து ஓர் அழைப்பு வரும். விமானச் சீட்டு, இன்னொருவருடன் பகிர்ந்து தங்கும் அறை, கைச்செலவுக்குச் சிறு தொகை, சில இடங்களில் ஒரு சைக்கிள். பதிலுக்கு அவர்கள் வார இறுதியில் பெரியவர்கள் அணியில் ஆட வேண்டும். வார நாட்களின் மாலைகளில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் பாரமாக நினைத்தே வருவார்கள். ஆனால் அவர்களுடைய வாழ்க்கையைத் திருப்பியது அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஜேர்மனியின் முதல் நிலை லீகில் நெடுங்காலமாக ஒரு விதி உண்டு: ஓர் அணியில் எத்தனை அமெரிக்கர்கள் இருந்தாலும், ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் களத்தில் நிற்க முடியாது. மீதி ஒன்பது இடங்களிலும் பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள்தான். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் அமெரிக்கராக இருக்கலாம்; அவருக்கு முன்னே சுவராக நிற்கும் ஐந்து பேர் அந்த ஊர்த் தச்சரும் மாணவரும் மின்சாரப் பணியாளரும். எதிரணி பாய்ந்து வரும் இரண்டு மூன்று விநாடிகளை அவர்கள் தடுத்துக் கொடுத்தால்தான் எறிபவரின் கைத்திறன் வெளியே தெரியும். பந்தை ஏந்தி ஓடாமலே பருவம் முழுவதும் ஆடிவிட்டுப் போகும் மனிதர்கள் அவர்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்காத வீரன் மண்ணில் விழுந்து கிடப்பான். விதி வகுத்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். வந்தவனுக்கும் அது நன்மையாக முடிந்தது.

எங்கள் ஊர்க் கழகத்துக்கு வந்த இருவரைச் சொல்கிறேன். முதலாமவனின் கையில் அபாரமான வேகம் இருந்தது. அவன் எறிந்த பந்தை எங்கள் பையன்கள் தவறவிட்டபோதெல்லாம் கைகளை விரித்து வானத்தைப் பார்ப்பான். பையன்கள் பயந்தார்கள், பயந்த கைகளிலிருந்து பந்து இன்னும் நழுவியது. பாதிப் பருவத்தில் அவன் ஊர் திரும்பினான். திறமை குறைவென்று அவனை யாரும் சொல்ல முடியாது. அந்தத் திறமை தன்னைத் தாண்டி யாரிடமும் போய்ச் சேரவில்லை.

இரண்டாமவன் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இல்லை. வந்த முதல் வாரத்திலேயே எல்லாச் சிறுவர்களின் பெயரையும் கேட்டு, கையில் ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். ஜேர்மன் மொழி தெரியாது. நில், குனி, தலையை நிமிர்த்து, மறுபடி செய் என்பவற்றுக்கான சொற்களைச் சிறுவர்களிடமே கற்றான். அவன் பிழையாகச் சொல்வதைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரித்துவிட்டுத் திருத்திச் சொல்வான். காலை எங்கே வைப்பது, இடுப்பை எவ்வளவு தாழ்த்துவது என்ற ஒரே பாடத்தை மழையிலும் குளிரிலும் மாதக்கணக்கில் நடத்தினான். எனக்கே சலித்தது, அவனுக்குச் சலிக்கவில்லை. ஒரு நாள் நான், “தம்பி, உன் ஊரில் ஆயிரக்கணக்கானோர் முன் ஆடியவன் நீ. இங்கே இருபது பெற்றோர்தான் நிற்கிறோம். மனம் சோரவில்லையா?” என்று கேட்டேன். “அங்கே என் இடத்தில் ஆட நூறு பேர் காத்திருந்தார்கள். இங்கே இந்த இருபது பிள்ளைகளுக்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன்” என்றான்.

அந்தப் பதிலை நான் நெடுநாள் எடைபோட்டிருக்கிறேன். கூட்டம் பெரிதாக இருக்கும் இடத்தில் மனிதனுக்குப் புகழ் கிடைக்கலாம். தேவை பெரிதாக இருக்கும் இடத்தில்தான் அவனுக்குப் பொறுப்புக் கிடைக்கிறது. பொறுப்பைச் சுமந்து முதிர்ந்தவன் எந்த நாட்டிலும் தோற்றதை நான் கண்டதில்லை. நானும் இந்த நாட்டுக்கு எண்பதுகளில் அகதியாக வந்து, மொழி தெரியாமல் தொழிற்சாலையில் நின்றவன். என்னை நிமிர்த்தியவர் என்னைவிட வேகமாக வேலை செய்தவர் அல்லர்; தன் கையை நிறுத்தி எனக்குக் காட்டிக்கொடுத்தவர்.

வயதில் மூத்தவர்களிடத்திலும் இந்தக் குணத்துக்குச் சான்று உண்டு. ஜாக் பிக்னெல் பாஸ்டன் கல்லூரி அணியின் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர். 1984 நவம்பரில் டக் ஃப்ளூட்டி கடைசி நொடியில் நெடுந்தூரம் எறிந்த பந்தால் மயாமியை 47-45 என வென்றபோது, அமெரிக்கா முழுவதும் அந்த அணியைப் பற்றிப் பேசியது. அத்தகையவர் 1991இல், என்எஃப்எல் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த லீகின் பார்சிலோனா அணிக்குப் பயிற்றுநராக வந்தார். உதைபந்தாட்டமே உயிராக இருக்கும் நகரம். அவர் கற்றுக்கொடுக்கும் ஆட்டத்தின் விதி தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். லீக் இடையில் இரண்டு ஆண்டுகள் நின்றுபோனது. மறுபடி தொடங்கியபோது அவரும் திரும்பி வந்தார். 1997இல் தம் அணிக்குக் கோப்பை வென்று கொடுத்தார். 2003 வரை இருந்தார். பெயர் பெற்ற பின்னும் புதிதாகத் தொடங்கத் தெரிந்திருப்பதை நான் பெரிய செல்வம் என்பேன்.

குவார்ட்டர்பேக் கர்ட் வார்னரின் கதை பலருக்குத் தெரியும்; சுருக்கமாகச் சொல்கிறேன். 1994இல் என்எஃப்எல் அணி ஒன்று அவரைக் கழித்துவிட்டது. பலசரக்கு அங்காடியில் இரவு நேரத்தில் தட்டுகளில் பொருள் அடுக்கினார். 1998இல் அந்த ஐரோப்பிய லீகின் ஆம்ஸ்டர்டாம் அணியில் ஆடினார். 2000 ஜனவரியில் என்எஃப்எல்லின் இறுதியாட்டமான சூப்பர் பௌலை வென்றார். இளைஞர்கள் இக்கதையில் கோப்பையைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது ஆம்ஸ்டர்டாமை. எவரும் உற்றுப் பார்க்காத அந்த வசந்தத்தில் அவர் லீகிலேயே மொத்தத்தில் மிக அதிக தூரம் பந்தெறிந்தவராக இருந்தார். பார்ப்பவர் குறைவு என்பதற்காக அவர் உழைப்பைக் குறைக்கவில்லை.

பணம் போட்டவர்கள் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதையும் இந்த ஆட்டம் காட்டியது. 2007 ஜூன் 23 அன்று பிராங்க்ஃபர்ட்டில் ஐரோப்பிய லீகின் இறுதியாட்டம். 48,000 பேர் வந்திருந்தார்கள். ஆறே நாட்களில், அந்த லீகை மூடுவதாக என்எஃப்எல் அறிவித்தது. பெரிய கூடாரம் பிரிந்தபோது சிறிய கழகங்கள் பிரியவில்லை. சிறுவர் பயிற்சிகள் அடுத்த வாரமும் நடந்தன. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், மூனிக்கில் என்எஃப்எல் முதன்முறையாக ஜேர்மனியில் லீக் ஆட்டம் நடத்தியபோது ஏறத்தாழ 70,000 பேர் அரங்கை நிறைத்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர்களில் கோடு போட்டவர்களுக்கும் சீருடை துவைத்தவர்களுக்கும் பெரும் பங்குண்டு.

ஸ்வேபிஷ் ஹால் என்றொரு ஊர். நாற்பதாயிரம் பேர் வாழும், பழைய உப்பு வணிகத்துக்குப் பெயர்போன நகரம். அந்த ஊர்க் கழகத்துக்கு ஜோர்டன் நியூமன் என்ற அமெரிக்கர் ஆட வந்தார். ஆடியபின் ஊர் திரும்பாமல் பயிற்சி கொடுக்கத் தங்கினார். பல ஆண்டுகள் அங்கே உழைத்த பிறகே தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. 2017, 2018 இரண்டு ஆண்டுகளும் அணி நாட்டின் வாகை சூடியது. அதே கழகத்தில் ஆடிய மோரிட்ஸ் போரிங்கரை 2016இல் மினசோட்டா அணி 180ஆவது தேர்வாக எடுத்தது. அமெரிக்கக் கல்லூரியில் ஆடாமல், நேரே ஐரோப்பியக் கழகத்திலிருந்து தேர்வான முதல் ஆட்டக்காரர் அவர். என்எஃப்எல்லில் அவருடைய ஆண்டுகள் பெரும்பாலும் பயிற்சி அணியிலேயே கழிந்தன. அதைத் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். நான் ஒப்பமாட்டேன். ஒருவரும் நடக்காத வழியில் முதலில் நடந்தவரிடம், நீ எவ்வளவு தூரம் போனாய் என்று கணக்குக் கேட்பது நியாயமில்லை.

பொறுமையைப் பற்றி இவ்வளவு சொன்ன நான் ஓர் எச்சரிக்கையும் சொல்லக் கடமைப்பட்டவன். வலியை மறைப்பதைப் பொறுமை என்று எண்ணாதீர்கள். நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, 2002இல் மைக் வெப்ஸ்டர் என்ற முன்னாள் வீரரின் மூளையை ஆராய்ந்து, அவருக்கு வந்த மூளைச் சிதைவைக் கண்டுபிடித்தார். ஆண்டுக்கணக்கில் தலையில் விழும் அடிகளின் விளைவு என்ன என்பதை அதன்பிறகு உலகம் பரவலாகப் பேசத் தொடங்கியது. ஒருநாள் என் மகன் தலையில் அடிபட்டும் “ஒன்றுமில்லை” என்று களத்துக்கு ஓடினான். நான் சொன்ன அந்த இரண்டாவது இளைஞன் அவன் தலைக்கவசத்தை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஆட்டம் முடியும்வரை திருப்பிக் கொடுக்கவில்லை. அன்று எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள். அவன்மேல் நான் வைத்த மதிப்பு அன்று இரட்டிப்பானது.

மோத விருப்பமில்லாதவர்களுக்கு ஃபிளாக் ஃபுட்போல் உண்டு. மோதி வீழ்த்துவதில்லை, இடுப்பில் தொங்கும் துணியை இழுத்தால் போதும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் அதை ஆடப் போகிறார்கள். ஐரோப்பாவில் வாழும் நம் பிள்ளைகளே, உங்கள் ஊர்க் கழகத்தில் பயிற்சி நடக்கும் ஒரு மாலையில் போய் நில்லுங்கள். ஆட்டம் தெரிந்தால் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். தெரியாவிட்டால் கோடு போட, தண்ணீர் எடுத்துவர, கூம்புகளை அடுக்கி வைக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.