பேக்பிளேட்: விலை கூடினால் தரம் கூடுமா?

ஸ்கூபா டைவிங் பயிற்சி முடித்தவர்களுக்குச் சில மாதங்களிலேயே ஒரு கேள்வி வந்துவிடும். வாடகை ஜாக்கெட்டை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு பேக்பிளேட் வாங்கினால் என்ன? சரி, வாங்குவது என்றே முடிவு செய்தாலும் எதை வாங்குவது? கடையில் இரண்டு தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும். ஒரே வடிவம், ஒரே இடங்களில் துளைகள், ஒரே மாதிரிப் பளபளப்பு. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. கார்பன் ஃபைபரில் செய்தது என்றால் அதற்கும் மேலே. தண்ணீருக்குள் உயிரைக் காக்கும் சாமான் ஆயிற்றே, விலை அதிகமானதே பாதுகாப்பானது என்று நினைப்பது இயல்பு. கையில் உள்ள பணம் குறைவாக இருப்பவருக்கு இந்த நினைப்புதான் பெரிய தொல்லை.

முதலில் பேக்பிளேட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். முதுகில் படியும்படி நடுவில் மடிக்கப்பட்ட ஓர் உலோகத் தகடு, அவ்வளவுதான். அதன் துளைகள் வழியே 5 செ.மீ. அகல நைலான் பட்டை நுழைந்து தோள், இடுப்பு, கால் இடுக்கு என்று உடலைச் சுற்றி வரும். தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் 'விங்' எனப்படும் காற்றுப்பை இருக்கும். மிதப்பதற்கும் அமிழ்வதற்கும் காற்றை ஏற்றி இறக்குவது அந்தப் பையில்தான். சாதாரண ஜாக்கெட்டில் பையும் பட்டையும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கும். இங்கே மூன்றும் தனித்தனி. ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இது பிறந்த இடம் அமெரிக்காவின் வடக்கு ஃபுளோரிடா. அங்கே சுண்ணாம்புப் பாறைக்குள் நீர் நிறைந்த குகைகள் ஏராளம். மேலே நேராக எழும்பி வெளியேற வழியில்லாத அந்தக் குகைகளில் இரண்டு சிலிண்டர்களைக் கட்டிக்கொண்டு நீந்த, கிரெக் ஃபிளானகன் 1979-இல் இந்த அமைப்பை உருவாக்கினார் என்பார்கள். வில்லியம் ஹோகார்த் மெயின் என்ற குகை முக்குளிப்பாளர் தேவையில்லாததை எல்லாம் கழித்துக் கழித்து அதை மேலும் எளிமையாக்கினார். அவர் பெயரால்தான் ஒரே துண்டுப் பட்டையை 'ஹோகார்த்தியன்' என்கிறார்கள். ஆக, பேக்பிளேட் ஆடம்பரப் பொருளாகப் பிறந்ததல்ல. குறைந்த பொருளில் அதிக நம்பகம் என்பதுதான் அதன் தொடக்கமே.

இப்போது விலைக்கு வரலாம். தகட்டில் அசையும் பாகம் எதுவும் இல்லை. காற்றழுத்தத்தைத் தாங்கும் வேலையும் அதற்குக் கிடையாது. அடைத்துக்கொள்ள வால்வு இல்லை, கிழிந்துபோகத் துணி இல்லை. இரண்டு மையத் துளைகளுக்கு இடையிலான தூரம் 11 அங்குலம் (சுமார் 28 செ.மீ.) என்பது எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் வழக்கம். ஆகையால் ஒரு நிறுவனத்தின் தகட்டில் இன்னொரு நிறுவனத்தின் விங்கைப் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட பொருளில் கூடுதல் பணம் வாங்கித் தரக்கூடியவை மிகச் சில.

ஒன்று, எஃகின் ரகம். நம் வீட்டில் எவர்சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத எஃகில் பல ரகங்கள் உண்டு. நல்ல சமையல் பாத்திரங்களுக்குப் பயன்படுவது 304. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்தால் 316. கடல் நீரின் உப்பு எஃகில் ஊசிக்குத்துப் போலச் சிறு குழிகளை உண்டாக்கும். அதை 316 நன்றாகத் தாங்கும். கடலில் மட்டுமே முக்குளிப்பவருக்கு இந்த வித்தியாசத்திற்குக் கொஞ்சம் பணம் கொடுப்பது நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பவரிடம் 304 தகடும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இரண்டு, விளிம்பு. பட்டை நுழையும் துளைகளின் ஓரத்தை மழுங்கத் தேய்த்திருக்க வேண்டும். கூராக விட்டிருந்தால் அது பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். மலிவுத் தகட்டில் உண்மையிலேயே பார்க்க வேண்டிய குறை இதுதான். கடையிலேயே விரலை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வாங்கிய பிறகு தெரிந்தாலும் ஓர் அரத்தை வைத்து அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

மூன்று, அளவு. உயரம் குறைந்தவர் வழக்கமான நீளத் தகட்டைப் போட்டால் கீழ் விளிம்பு இடுப்புக்குக் கீழே இடிக்கும். சிலிண்டரை மேலே தூக்கிக் கட்டினால் தலை பின்னால் சாயும்போது வால்வில் முட்டும். அவர்களுக்கென்றே குட்டைத் தகடுகள் வருகின்றன. பொருந்தாத விலை உயர்ந்த தகட்டைவிடப் பொருந்தும் மலிவுத் தகடு எவ்வளவோ மேல்.

இவை போக மிச்சமுள்ள விலை வித்தியாசம் பெரும்பாலும் பெயருக்கும், மினுமினுப்புக்கும், பொறித்த முத்திரைக்கும்தான்.

ஆனால் யாரும் அதிகம் யோசிக்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அது எடை. மன்னார் வளைகுடாவில் அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய ஒரு கல்லின் துணையோடு அடிக்குப் போவார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள், படகில் இருப்பவர்கள் அதை மேலே இழுத்துக்கொள்வார்கள். இறங்குவதற்கு வேண்டிய எடை, ஏறும்போது உடலில் இருக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எஃகுத் தகடு அணிபவர் தன் கல்லை முதுகிலேயே கட்டிக்கொண்டு போகிறார். அதை நடுவழியில் விட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 3 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தகடு சுமார் 2.7 கிலோ இருக்கும். அதே அளவு அலுமினியத் தகடு சுமார் 0.9 கிலோதான். கடல் நீரில் மூழ்கியதும் எஃகு ஏறத்தாழ 2.3 கிலோவும் அலுமினியம் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாகவும் கீழே இழுக்கும். குளிர்ந்த நீரில் தடித்த வெட்சூட் போட்டு, இடுப்பில் 6 கிலோ ஈயம் கட்டும் ஒருவருக்கு எஃகுத் தகடு வரப்பிரசாதம். ஈயம் 3.5 கிலோ அளவுக்குக் குறையும். இடுப்பில் தொங்கிய எடை முதுகுக்கு வருவதால் கால்கள் தாழாமல் உடல் கிடைமட்டமாக நிற்கும். அவசரத்தில் கழற்றிப் போடவும் ஈயம் மிச்சமிருக்கும்.

வெப்பக் கடலில் மெல்லிய சூட்டோடு 2 கிலோ ஈயம் மட்டுமே கட்டுபவரின் கதை வேறு. அவர் எஃகுத் தகடு வாங்கினால் இருந்த ஈயம் முழுவதும் போய்விடும், கழற்றிப் போட எதுவும் இருக்காது. அதோடு கனமான எஃகு சிலிண்டரையும் சேர்த்துக்கொண்டால் தேவைக்கு மேல் எடையாகிவிடும். முழு சிலிண்டரில் உள்ள காற்றே 2.5 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. சூட் அமுங்கி மிதக்கும் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும். அந்த நேரத்தில் விங் கிழிந்தால் இவ்வளவு எடையையும் கால் உதைத்தே மேலே கொண்டுவர வேண்டும். முடியுமா? இந்த ஒரு கேள்விக்கு முன்னால் 304-ஆ 316-ஆ என்பதெல்லாம் சிறிய விஷயம். மலிவான அலுமினியத் தகடு அவருக்கு விலை உயர்ந்த எஃகைவிடப் பாதுகாப்பானது. விமானத்தில் பெட்டி எடையைக் கணக்குப் பார்த்துப் போகிறவருக்கும் அதுதான் வசதி. ஒரு கவனம் மட்டும் வேண்டும்: அலுமினியத் தகட்டில் எஃகு போல்ட்டுகள் உப்பு நீரோடு சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். ஒழுங்காக அலசாவிட்டால் துளைகளின் ஓரம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

எந்தத் தகடு என்பதைச் சரியாகக் கண்டுபிடிக்க ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. முக்குளித்து முடிக்கும் நேரத்தில், சிலிண்டரில் 50 பார் அளவே காற்று மீதி இருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில் விங்கை முழுவதும் காலி செய்துவிட்டு நிலையாக நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே தூக்கினால் எடை போதாது. கீழே இறங்கிக்கொண்டே போனால் எடை அதிகம். இரண்டு மூன்று முறை இப்படிப் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டவர் கடைக்காரர் சொல்லித்தான் தகடு வாங்க வேண்டும் என்பதில்லை.

பட்டை விஷயத்திலும் இதே கதைதான். ஒரே துண்டு நைலான் பட்டை மிக மலிவு. மெத்தை வைத்து, கொக்கிகள் பொருத்தி, நீளத்தை மாற்றும் வசதியோடு வருவது பல மடங்கு விலை. கொக்கி கூடக்கூட உடையக்கூடிய இடமும் கூடும். அதற்காக அதை வீண் என்று ஒதுக்கவும் முடியாது. தோள் மூட்டு இறுகியவர்கள் ஒரே துண்டுப் பட்டையிலிருந்து கையை உருவப் படும் பாடு கொஞ்சமல்ல. அவர்களுக்கு அந்தச் செலவு நியாயமானது.

பழைய பொருளாக வாங்குவதற்கும் தகட்டைப் போல் ஏற்றது வேறில்லை. வளைந்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா, துளை ஓரம் அறுக்கிறதா என்று பார்த்தால் போதும். விங்கை அப்படி வாங்க முடியாது. காற்றை நிரப்பிச் சில மணி நேரம் வைத்துப் பார்த்தாக வேண்டும், வால்வுகளையும் இன்ஃபிளேட்டரையும் சோதித்தாக வேண்டும். ரெகுலேட்டரைத் திறந்து சர்வீஸ் செய்யாமல் நம்பவே கூடாது.

ஆக, பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. மூச்சு வரும் ரெகுலேட்டருக்கும் அதன் சர்வீஸுக்கும் முதலில். காற்றைப் பிடித்து வைக்கும் விங்குக்கு அடுத்து. தண்ணீரில் கழிக்கும் மணி நேரங்களுக்கு அதற்கடுத்து. தகடு கடைசியில் வரலாம். சரியான உலோகம், சரியான அளவு, மழுங்கிய விளிம்பு ஆகிய மூன்றும் இருந்தால் குறைந்த விலைத் தகட்டைக் கூச்சமில்லாமல் வாங்கலாம். மிச்சமாகும் தொகையில் இன்னும் சில முறை கடலுக்குள் இறங்கிவிட்டு வரலாம்.