கார்செட்டா, பாஸ்க்கா?

துபாய் திரும்புமுன் திருவனந்தபுரத்தில் ஒரு போட்டோ ஷூட். கல்யாண நாளுக்கு அவருக்கு சர்ப்ரைஸ் (பிளாக் பக்கம் வரமாட்டார், தைரியம்தான்!). "கார்செட்டா, பாஸ்க்கா சேச்சி?" என்றாள் ஸ்டுடியோப் பெண். கார்செட் கயிறு கட்டி இடையை இறுக்கும். பாஸ்க் இடுப்புவரை இறங்கும், மூச்சும் விடலாம்.

நாகர்கோவில்காரியான எனக்குச் சிரிப்பு வந்தது. 1859-ல் திருவிதாங்கூர் மகாராஜா உத்தரம் திருநாள் போட்ட உத்தரவு அப்படி: நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முரட்டுத்துணி சுற்றலாம், எப்படியும் மார்பை மறைக்கலாம், உயர்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கூடாது. அதற்கே தோள்சீலைக்காரர்கள் எத்தனை வருஷம் அடி வாங்கினார்கள்! என் பாட்டியின் பாட்டி வீட்டுக் கதை அது.

பாஸ்க்கையே எடுத்தேன். கூடவே ஒரு கசவு நேரியதும் கேட்டு வாங்கி, தோளில் போட்டுக்கொண்டேன். ஸ்டுடியோப் பெண்ணுக்கு ஏனென்று புரியவில்லை.