பிழை எங்கள் உடம்பில் இல்லை

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பின்னரும் ஓர் அக்கா மட்டும் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தார். 2023 ஆம் ஆண்டு ஆனி மாதம் அது. கிளிநொச்சி மாவட்டத்தின் அந்தக் கிராமத்திற்கு நான் மாதம் இருமுறை போய் வருவேன்.

“தங்கச்சி, ஒரு உதவி கேக்கலாமோ?” என்றார். கடன் விண்ணப்பமாகவோ மரணச் சான்றிதழ் அலுவலாகவோ இருக்கும் என்று நினைத்துக் கொப்பியை விரித்தேன்.

“மகளுக்கு ஆவணியில கலியாணம். எனக்கு ஒரு சாறியும் பிளவுஸும் வேணும். உங்கட போனில எடுத்துத் தருவீங்களோ?”

கொப்பியை மூடிவிட்டேன். நான்கு வருடங்களாக அவரைத் தெரியும். இடியப்பம் அவித்து விற்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவர். தனக்கென்று ஒன்றைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

“ரவுணுக்குப் போய் உடுத்திப் பார்த்து எடுக்கலாமே அக்கா?” என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். 2009 ஆம் ஆண்டு மாசி மாதம் செல் துண்டு பட்டு அவருடைய இடது தோள் எலும்பு உடைந்தது. பங்கருக்கும் தறப்பாளுக்கும் இடையில் அது கோணலாகவே பொருந்திவிட்டது. மீள்குடியேறி வந்த புதிதில் ஒரு தையற்கடைக்குப் போயிருக்கிறார். அளவெடுத்த பெண் கை ஏன் இப்படி மெலிந்திருக்கிறது, இது என்ன காயம், எங்கே பட்டது என்று கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தாராம். காயத்தைக் கண்டாலே கேள்வி வரும் காலம் அது. அதன் பிறகு அவர் எந்தத் தையற்கடைப் படியும் மிதிக்கவில்லை. சந்தையில் தொங்கும் பெரிய நைற்றிகளும் யாராவது கொடுத்த தளர்ந்த சட்டைகளுமே அவருடைய உடுப்பாகிவிட்டன.

“போனில எடுத்தா ஒருத்தரும் தொட்டுப் பாக்க மாட்டினம் தானே” என்றார்.

அன்றிரவே அவருடைய மகளும் நானும் சேர்ந்து, தைத்த பிளவுஸோடு வரும் அரக்கு நிறச் சாறி ஒன்றைத் தெரிவு செய்தோம். அக்கா சாம்பல் நிறம்தான் கேட்டார். கணவனை இழந்தவள் அரக்கு உடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்பது அவர் பயம். “அம்மா எனக்குப் பக்கத்தில நிக்க வேணும், சாம்பலில நிக்கக் கூடாது” என்று மகள் பிடிவாதமாக நின்றாள். அளவு கேட்கும் இடம் வந்தது. நான் தொலைபேசியில் அக்காவிடம், “நீங்கள் எம் அளவு தானே?” என்றேன். “நைற்றி எம் தான் பிள்ளை போடுறனான்” என்றார். எம் என்று அழுத்தினேன். மொத்தம் 6,800 ரூபா, பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முறை.

பத்து நாளில் பொதி வந்தது. அக்கா ஆசையோடு அட்டையைக் கழற்றிவிட்டு பிளவுஸைப் போட்டுப் பார்த்திருக்கிறார். வலது கை பாதியில் இறுகி நின்றுவிட்டது. இடது பக்கம் தொளதொளவென்று தொங்கியது. அதைவிட, கொளுக்கிகள் முதுகுப் பக்கம் இருந்தன. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கவோ பின்னால் வளைக்கவோ முடியாத ஒருவருக்கு முதுகுக் கொளுக்கி எப்படிச் சரிவரும்? விற்றவர்களோ அட்டை கழற்றிய உடுப்பை மாற்றித் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் போனபோது சாறி மடித்தபடி கட்டிலில் கிடந்தது. அக்கா அடுப்படியில் இருந்தார்.

“கடவுளே சொல்லிப்போட்டார், எனக்கு உது சரிவராது எண்டு. பிழை என்ர உடம்பில. நான் கலியாணத்தண்டைக்குச் சமையலோட நிக்கிறன். தம்பியும் மனுசியும் தாரை வாக்கட்டும்.”

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. பிழை அவருடைய உடம்பில் இல்லை, என்னுடைய வாயில்தான். அளவு எடுப்போமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தத் தோளைப் பார்க்க நேரிடும், என்ன சொல்வதென்று தெரியாது என்று உள்ளுக்குள் பயந்தேன். அதை அவருடைய மனதைப் புண்படுத்தாமல் இருப்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உளவளத்துணைப் பயிற்சிகளில் எத்தனையோ நாள் இருந்தவள் நான். ஆனாலும் ஒரு பெண்ணிடம் “உங்களுக்கு எது வசதி?” என்று கேட்காமல் ஓர் ஆங்கில எழுத்தை அழுத்திவிட்டு வந்திருந்தேன்.

“அக்கா, அது நான் விட்ட பிழை. நான் அளக்காமல் எடுத்துப்போட்டன். ஒருக்கா அளந்து பாப்பமோ?” என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பால் பொங்கியதும் அடுப்பை நூர்த்தார். பிறகு எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு, “வாரும்” என்றார்.

வீட்டிலிருந்த அளவு நாடா பழையது. துணி நாடா நாளடைவில் இழுபட்டுவிடும் என்பதால் மகனின் பாடசாலை அடிமட்டத்தோடு வைத்துச் சரிபார்த்துக்கொண்டோம். மெல்லிய சட்டையோடு நிற்கச் சொல்லி, மூச்சை இயல்பாக விடச் சொன்னேன். மார்பின் பருத்த இடத்தைச் சுற்றி, நாடா முதுகில் கீழே இறங்காமல் நேராகப் பிடித்து, ஒரு விரல் உள்ளே போகும் அளவு தளர்வு விட்டு அளந்தேன். 39 அங்குலம். உடம்பைப் பக்கவாட்டில் சரிக்கும்போது மடியும் இடம்தான் இடை. அது 36. வலது மேற்கை 13 அங்குலம், இடது மேற்கை 10½. இடது தோள் வலது தோளை விட ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது.

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். தழும்பின் மேல் நாடா பட்டபோது அக்கா கண்ணை மூடினார். “நோகுதோ?” என்றேன். “நோ போய் எத்தினை வருசம். ஒருத்தரும் தொடாத இடம், அதுதான்” என்றார். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு வந்து தாயின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தன் தாயின் காயத்தை அவள் அவ்வளவு கிட்டப் பார்த்தது அன்றுதான் என்று பிறகு சொன்னாள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் “சராசரி” என்ற சொல்லைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். அதன் பொருள் அந்த அறைக்குள் நிற்கும்போதுதான் விளங்கியது. கடை உடுப்புகளின் அளவுகள் எங்கிருந்து வந்தன? 1939, 1940 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. 1941 இல் அதன் அறிக்கை வெளிவந்தது. முடிவுக் கணக்கில் வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே சேர்க்கப்பட்டன. 1958 இல் அந்நாட்டில் வெளியான அளவுத் தரத்துக்கு அந்தக் கணக்கே அடிப்படை. 1983 இல் அத்தரமும் கைவிடப்பட்டது. இன்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் அளவை வைத்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் எம் இன்னொரு நிறுவனத்தின் எல். பிரித்தானிய 12 அமெரிக்காவில் ஏறத்தாழ 8. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எமது சகோதரிகளுக்கு இது புதினமல்ல. அந்த அளவு அட்டைகளை அவர்களின் கைகள்தான் தைக்கின்றன.

அந்தக் கணக்குகளில் இரண்டு கைகளும் ஒரே அளவுதான். ஒரு கை இழந்தவரும், பொய்க்கால் பூட்டியவரும், மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தவரும், பிள்ளை பெற்று வயிறு தளர்ந்தவரும் அதில் இல்லை. எனவே உடுப்பு பொருந்தாவிட்டால் உடுப்புத்தான் எமக்குப் பிழை. நாம் உடுப்புக்குப் பிழையல்ல.

இரண்டாம் தடவை பிளவுஸ் மட்டும் தேடினோம். இம்முறை எழுத்தைப் பார்க்கவில்லை, அளவு அட்டவணையைப் பார்த்தோம். அதில் உள்ள எண் உடம்பின் அளவா, தைத்து முடித்த உடுப்பின் அளவா என்று விற்பவரிடம் எழுதிக் கேட்டோம். உடுப்பின் அளவு என்று பதில் வந்தது. 39 அங்குல உடம்புக்கு 40 எடுத்தோம். பெரிய கைக்குப் பொருந்தினால் சிறிய கையைப் பிடித்துத் தைக்கலாம், சிறியதைப் பெரிதாக்குவதுதான் கடினம். முன்பக்கம் கொளுக்கி, முழங்கை வரை கை, தையலுக்குள் மடித்துவிட்ட துணி உண்டு என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே கேள்வி கொடுத்தோம். 2,400 ரூபா.

வந்த பிளவுஸின் இடது கையைப் பிடித்துத் தைக்கவேண்டியிருந்தது. எமது சங்கத்திலேயே தைக்கிற தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஒரு கால் இல்லை. அக்காவே அவளை வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டார். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையைச் சிறிதாக்கி, இடது தோளுக்குள் மெல்லிய துணி மடிப்பொன்றை வைத்துத் தைத்தாள். இரண்டு தோள்களும் சமமாகத் தெரிந்தன. “கூலி எவ்வளவு பிள்ளை?” என்று அக்கா கேட்டதற்கு, “கலியாணத்தண்டைக்கு உங்கட இடியப்பம் தந்தாக் காணும்” என்றாள்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. தாரை வார்த்தது அக்காவின் தம்பியும் மனைவியும்தான். அந்த வழக்கத்தை அக்கா மாற்றவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் அவர் அடுப்படியில் இருக்கவில்லை. அரக்குச் சாறி உடுத்து மணவறைக்குப் பக்கத்தில் மகளின் வலது புறம் நின்றார். ஒரு வயோதிப மாது அவரை மேலும் கீழும் பார்த்து, “என்ன நிறமடி இது?” என்றார். “மகள் எடுத்துத் தந்தது மாமி” என்றார் அக்கா. படம் எடுப்பவர் கூப்பிட்டபோது இடது தோளை முந்தானையால் மூடாமலே போய் நின்றார்.

சகோதரிகளே, விசேட நாளுக்கு உடுப்பை இணையம் மூலம் எடுக்க நினைத்தால் நான் அனுபவத்தில் படித்த சிலவற்றைச் சொல்கிறேன். இன்றைய உடம்பை இன்றே அளவுங்கள். பத்து வருடத்துக்கு முந்திய அளவை நம்பவேண்டாம். மார்பு, இடை, இடுப்பின் அகன்ற பகுதி, மேற்கை என்று நான்கையும் எழுதி வையுங்கள். அட்டவணை சென்ரிமீற்றரில் இருந்தால் ஓர் அங்குலம் 2.54 சென்ரிமீற்றர். தன்னை அளக்கவோ அளக்கவிடவோ மனம் வராதவர்கள், நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையை மேசையில் விரித்து, ஒரு கமக்கட்டிலிருந்து மறு கமக்கட்டுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அது உடுப்பின் அளவு. இழுபடாத துணியென்றால் உடம்பின் அளவை விட பிளவுஸுக்கு ஓர் அங்குலம் வரையும், சல்வார் மேற்சட்டைக்கும் நீளச் சட்டைக்கும் 2 முதல் 4 அங்குலம் வரையும் கூடுதலாக இருக்கவேண்டும். கொளுக்கி, சிப் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மாற்றித் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டு, அந்தப் பதிலை அழிக்காமல் வையுங்கள். போட்டுப் பார்த்துத் திருப்தி வரும்வரை அட்டையைக் கழற்றவேண்டாம். திருத்தித் தைக்க நாள் இருக்கும்படி குறைந்தது மூன்று கிழமைக்கு முன்னரே எடுங்கள். சொன்ன பொருளை அனுப்பாமல் யாராவது ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

என்னைப் போன்று களத்தில் வேலை செய்பவர்களுக்கும் ஒன்று உண்டு. கேட்கக் கூச்சப்பட்டு நாமாகவே ஒருவரின் அளவை முடிவு செய்யக் கூடாது. உடுப்பில் மட்டுமல்ல, உதவித் திட்டங்களிலும் இதைத்தான் நாம் அடிக்கடி செய்கிறோம்.

முதல் வந்த பிளவுஸை அக்கா எறியவில்லை. தையலைப் பிரித்து, அந்தத் துணியில் பேரப்பிள்ளைக்குச் சட்டை தைக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறார். “அது பிறக்கட்டும், அளவு எடுத்துத்தான் தைப்பம்” என்று போன மாதம் சிரித்துக்கொண்டு சொன்னார்.