அம்மம்மாவின் நாற்பது எம்.பி.

பீடத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு இணையத்தளம் நடத்துகிறோம். கட்டுரை, கவிதை, படங்கள். கலைப்பீடப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்க தெரியும் என்று கேட்காதீர்கள், தெரியாதுதான். எங்களுக்கு முந்திய பட்ச் அண்ணா ஒருவர் தன்ர காசில் சேர்வர் வாடகைக்கு எடுத்து, தளத்தையும் செய்து தந்துவிட்டு கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். எழுதுவதும் படம் ஏற்றுவதும்தான் எங்கட பொறுப்பு.

போன வருடம் என்ர பட்ச்காரி ஒருத்தி தன் அம்மம்மாவைப் பற்றி எழுதினாள். மன்னார்ப் பக்கம் ஒரு கிராமம். பனையோலையில் பெட்டி இழைத்தே மூன்று பிள்ளைகளை வளர்த்த மனுசி. ஓலை வார்வதிலிருந்து பெட்டி முடிவது வரை பதினொரு படங்கள் போட்டோம். நூலகத்து வைஃபையில் திறந்து பார்த்தால் பளிச்சென்று வந்தது. எங்களுக்குச் சரியான சந்தோசம்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனவள் கோல் எடுத்தாள். “அடியே, வேலிக்கரையில நிண்டாத்தான் இங்க சிக்னல். அம்மம்மா எவ்வளவு நேரமா போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா தெரியுமே? தலைப்பு வருது, பிறகு ஒரே வெள்ளை. தம்பி போட்ட ரீலோட்டும் முடிஞ்சுது.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அண்ணாவுக்கு அடித்துச் சொன்னேன். பார்த்துவிட்டுக் கேட்டார்: “தங்கச்சி, போன்ல எடுத்த படத்தை அப்பிடியே ஏத்தினனீங்களோ?” ஓம், அப்படியேதான். ஒரு படம் கிட்டத்தட்ட 4 எம்.பி. பதினொன்றும் சேர்ந்தால் 40-ஐத் தாண்டும். தளத்தில் அந்தப் படங்கள் தெரிவதோ வெறும் 600 பிக்சல் அகலத்தில். பார்க்கிற சனம் காணவே காணாத பிக்சலுக்குக் காசு கட்டியிருக்குது.

அன்றிரவு அண்ணா சேர்வரில் மொட்-பேஜ்ஸ்பீட் என்ற மொடியூலைப் போட்டார். 2010இல் கூகிள் அப்பாச்சி சேர்வருக்காக வெளியிட்ட திறந்தமூல மென்பொருள் அது. பக்கத்தை நாங்கள் எப்படி எழுதியிருந்தாலும், வாசகருக்குப் போகிற வழியில் அது மறித்துத் திருத்திவிடும். படங்களைச் சுருக்கும், உலாவி ஏற்றுக்கொண்டால் பாரம் குறைந்த வெப்பி வடிவத்துக்கு மாற்றும். பக்கத்தின் அழகைத் தீர்மானிக்கிற சிஎஸ்எஸ் கோப்புகள் நாலைந்து தனித்தனியாக இருந்தால் ஒன்றாகக் கட்டும். கடையில் பத்துச் சாமான் வாங்கினால் பத்துத் தரம் நடக்க விடாமல் ஒரே பையில் போட்டுத் தருகிற மாதிரி. ஒருமுறை இறக்கிய படத்தை போனே நீண்டகாலம் வைத்திருக்கவும் சொல்லிவிடும்.

போட்டவுடனே ஓடிப்போய்த் திறந்தேன். ஒரு மாற்றமும் இல்லை! “அண்ணா, வேலை செய்யேல்ல.” “பொறும், இன்னொருக்கால் திறவும்.” விசயம் என்னவென்றால், முதலில் வருகிறவரைக் காக்க வைக்காமல் பழைய படத்தையே அது கொடுத்துவிடும். பின்னணியில் புதியதைச் செய்து சேமித்து, அடுத்தடுத்து வருபவர்களுக்குத்தான் கொடுக்கும். மூன்றாம் தரம் திறந்தபோது படங்களின் பெயருக்குள்ளேயே பேஜ்ஸ்பீட் என்ற சொல் புகுந்திருந்தது. அதுதான் அடையாளமாம்.

ஆனாலும் இரண்டு படங்கள் கொஞ்சம்தான் இளைத்திருந்தன. அவை இரண்டுக்கும் நான் பக்கத்தில் அகலத்தைக் குறிக்கவில்லை. எவ்வளவு பெரிதாகக் காட்டப் போகிறோம் என்று சொல்லாவிட்டால், எவ்வளவுக்குச் சிறிதாக்கலாம் என்று பாவம் அதுக்கு எப்படித் தெரியும்? அகலத்தைப் போட்டேன். முழுப் பக்கமும் ஒன்றரை எம்.பி.க்குள் வந்து நின்றது.

அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தக் கட்டுரைக்கு நான் எழுதிய முன்னுரையில் ‘விளிம்புநிலை மனிதர்கள்’ என்று மூன்று இடத்தில் போட்டிருந்தேன். அந்த மனிதர்களில் ஒருவரால் தன்னைப் பற்றிய பக்கத்தையே திறக்க முடியவில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று கூட்டங்களில் எவ்வளவு கதைத்திருப்போம்! அந்தக் கேள்விக்குக் கோப்பின் பாரமும் ஒரு பதில் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வைஃபைக்குள் இருந்துகொண்டு எழுதினால் வைஃபைக்குள் இருப்பவர்களுக்குத்தான் எழுதுவோம் போல.

மொடியூலைப் பெரிய மாயமாக நான் சொல்ல வரவில்லை. கூகிள் அதைப் பிறகு அப்பாச்சி அமைப்பிடம் கொடுத்தது, இப்போது அதன் பராமரிப்பும் நின்றுவிட்டது. “பழசு தங்கச்சி, இண்டைக்குச் சமாளிக்கத்தான். நீங்கள் பழகுங்கோ” என்று அண்ணாவும் சொன்னவர். பழகுகிறோம். இப்போது படத்தை முதலில் சுருக்கி, அகலம் குறித்து, பிறகுதான் ஏற்றுகிறோம். வெளியிட முதல் ஒருவர் வைஃபையை நிறுத்திவிட்டு, சிக்னல் குறைந்த இடமாகப் பார்த்துப் போய் நின்று திறக்க வேண்டும். எங்களுக்கு அது விடுதியின் பின்பக்கப் படிக்கட்டு. நீங்களும் தளமோ வலைப்பூவோ வைத்திருந்தால் இன்றைக்கே ஒருக்கால் அப்படித் திறந்து பாருங்கள்.

அடுத்த நாள் அம்மம்மா பதினொரு படத்தையும் பார்த்தாவாம். பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “எல்லாத்திலயும் கைதானே கிடக்கு. என்ர முகத்தை ஒருத்தரும் எடுக்கேல்லையோ?”

போய் எடுக்க வேண்டும். சின்னதாக.