நின்ற வண்டியிலும் எரியும் விளக்கு

தில்லியில் குடியேறிய நம்மவர் பலருக்கு ஊர் என்பது தண்டவாளத்தின் மறுகோடியில் இருப்பது. எங்கள் குடும்பத்தில் இந்த உறவு இன்னும் சற்று நெருக்கமானது. என் தமையனார் ஈரோட்டில் டீசல் எஞ்சின் ஓட்டுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கண்ணீர் அழுத்த நோய் அவருடைய பார்வையைப் பக்கவாட்டிலிருந்து அரித்துக்கொண்டு வருகிறது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கலாம் என்பதே மருத்துவர் சொன்ன ஆறுதல். சென்ற குளிர்காலத்தில் அவர் எங்களுடன் வந்து தங்கியபோது, எஞ்சியுள்ள பார்வையில் அவர் மகிழ்ந்து காண ஒன்றைச் செய்து தரவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

என்னிடம் டபிள்யூ.டி.எம்.-2 வகை எஞ்சினின் சிறு மாதிரி ஒன்று உண்டு. 2600 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சின் அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. 1962இல் அங்கிருந்து வந்தது, பின்னர் வாரணாசியில் நூற்றுக்கணக்கில் உருவானது. தமையனார் பல ஆண்டுகள் ஓட்டியதும் அதுவே. 87இல் ஒரு பங்காகச் சுருங்கிய மாதிரி ஏறத்தாழ 20 செ.மீ. நீளமே இருக்கும். ஆயினும் அதன் முகப்பில் விளக்கு எரியவில்லை.

பழைய மாதிரி இரயில்களில் தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தை மாற்றுவார்கள். வண்டி மெதுவானால் விளக்கும் மங்கும், நின்றால் அணைந்துவிடும். சிறு இழைவிளக்குகளின் சூட்டில் பிளாஸ்டிக் கூடு இளகுவதும் உண்டு. 1990களில் அமெரிக்கத் தேசிய மாதிரி இரயில்வே சங்கம் தரப்படுத்திய டிஜிட்டல் முறை இதை மாற்றியது. அதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். கட்டளையும் அதே கம்பிவழியே வரும். எஞ்சினுக்குள் அமர்ந்த டிகோடர், தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் ஏற்று மோட்டாரையும் விளக்கையும் தனித்தனியே இயக்கும்.

கம்பிகளின் நிறங்களுக்கு ஒழுங்கு உண்டு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பவை. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. நீலம் விளக்குகளுக்கெல்லாம் பொதுவான நேர்முனை, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. எல்.இ.டி.யின் நேர்முனையை நீலத்திலும், எதிர்முனையை ஒரு மின்தடை வழியே வெள்ளையிலும் இணைக்கவேண்டும். சுமார் 14 வோல்ட் வருகிறது, வெண்ணிற எல்.இ.டி. ஏறத்தாழ 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 11 வோல்ட்டை 1000 ஓம் மின்தடை தாங்கினால் 11 மில்லி ஆம்பியர் ஓடும். மின்தடை இல்லாவிட்டால் விளக்கு நொடியில் கருகிவிடும்.

நான் பற்றவைப்புக் கோலுடன் அமர்ந்திருக்க, தமையனார் அருகில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் நான் எடுத்த எல்.இ.டி.யின் நீலம் பாய்ந்த வெண்மையைக் கண்டதும், “இது ஆஸ்பத்திரி வெளிச்சம்டா தம்பி. எங்க எஞ்சின் வெளிச்சத்துல கொஞ்சம் மஞ்சள் இருக்கும்” என்றார். இளமஞ்சள் சாயல் கொண்டதை மாற்றினேன். பிறகு, “பிளாஷர் எங்கே?” என்று கேட்டார்.

இரட்டைப் பாதையில் வண்டி எதிர்பாராமல் நின்றுவிட்டால், ஓட்டுநர் முதலில் போடவேண்டியது மினுக்கும் மஞ்சள் விளக்கு. தம் வண்டி தடம்புரண்டு பக்கத்துப் பாதையை அடைத்திருக்கலாம். எதிரே வருகிறவர் அதைக் கண்டதும் வண்டியை நிறுத்தவேண்டும். “தலைவிளக்கு நமக்கு வழி பார்க்க. பிளாஷர், முகம் தெரியாத ஒருத்தனைக் காப்பாத்த. அது இல்லாம வண்டியை எடுக்கக்கூடாது” என்றார். டிகோடரின் பச்சைக் கம்பி வேலையின்றி இருந்தது. அதில் மஞ்சள் எல்.இ.டி.யைத் தனி மின்தடையுடன் இணைத்து, மினுக்கும்படி டிகோடரில் அமைத்தேன்.

இரவு அறையை இருட்டாக்கி வண்டியை மேசைமேல் அவருடைய நேர்ப்பார்வையில் நிறுத்தினோம். வண்டி நின்றபடியே விளக்கு எரிந்தது. அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்போது என் பேத்தி கைவிளக்குடன் உள்ளே வந்தாள். “எதிர்ல வண்டி வருது, டிம் பண்ணு!” என்றார் அவர். அவள் சிரித்துக்கொண்டே கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள், ஒளி தணிந்தது. அன்றுமுதல் இரவுதோறும் பெரிய தாத்தாவிடம் அவள் இரயில் கதை கேட்கத் தொடங்கினாள். இந்தி கலந்த தமிழில் அவள் கேட்பாள். கொங்குத் தமிழில் அவர் விடை சொல்வார்.

நம் வீட்டு முதியோரின் தொழிலறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. அருகில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு கேட்டால்தான் அது வெளிவருகிறது. அவர்கள் காணவும் சொல்லவும் இயலும் காலத்திலேயே கேட்டுக்கொள்வோம்.